ஸ்னீக்கர் அசலா, போலியா? பெட்டியைக் கடைசியில் பாருங்கள்

"ஒரே ஒரு தடவைதான் போட்டது" என்று சொன்னவரிடம் நைக்கியின் ஏர் ஜோர்டன் 1 ஜோடி ஒன்று வாங்கினேன். பெட்டி, ரசீது, சுற்றி வைத்த தாள் எல்லாம் கச்சிதம். மூன்றாவது வாரம் முன்பக்கம் சோல் வாயைப் பிளந்தது. போட்டோவில் தெரியும் இடங்களைத்தான் போலிக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அதனால் இப்போது நான் பார்க்கும் வரிசையே வேறு.

முதலில் இன்சோல், அதாவது உள்ளே பாதம் படும் மெத்தை. குதிகால் பக்கமிருந்து மெதுவாகத் தூக்குங்கள். ஒட்டியிருந்தால் உரியவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பல ஸ்னீக்கர்களில் அடியில் ஓரத்தைச் சுற்றி ஒரு தையல் ஓடும். மேல்பகுதியை அடித்துணியோடு இணைக்கும் இதற்கு ஸ்ட்ரோபல் தையல் என்று பெயர். சீராக இருக்கிறதா, கோணல்மாணலாகப் போகிறதா, பசை திட்டுத்திட்டாகக் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லா மாடலிலும் இந்தத் தையல் இருக்காது. அதனால் அதே மாடலின் அசல் ஜோடி ஒன்றின் உட்புறப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மூக்கருகே கொண்டுபோனால் பசை நெடி குப்பென்று அடிக்கிறதா? சந்தேகப்படலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து தோல். கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் பரவும். பிளாஸ்டிக் பூச்சு கனமாக இருந்தால் ஒரே பள்ளமாக அமுங்கி எழும்பும். ஒன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும்: பெரிய கம்பெனிகளின் அசல் ஷூவிலும் பூச்சுத் தோல் தாராளமாக உண்டு. தோல் நன்றாக இருப்பதாலேயே ஷூ அசல் ஆகிவிடாது.

அப்புறம் வடிவம். இரண்டையும் சமதளத்தில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஜோர்டன் 1-இன் குதிகால் பகுதி உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கியிருக்கும். பல போலிகளில் அது குழாய் போல நேராக நிற்கும். லோகோ, ஓட்டைகள், தையல் கோடு ஆகியவை இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடலாம்.

அடிடாஸ் பூஸ்ட் சோல் என்றால் வேலை சுலபம். 2013-இல் வந்த இந்த நுரை, பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் வேதிப்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. பொரிபோல் உப்பிய சிறு மணிகளை ஆவியில் ஒட்டவைத்தது. அழுத்தினால் மெத்தென்று அமுங்கி உடனே எழும்பும். மட்டமான போலியில் சாதாரண நுரையின் மேல் மணி வடிவத்தை அச்சடித்திருப்பார்கள். விரல் பட்டாலே தெரியும்.

கடைசியாக எண்கள். நைக்கி லேபிளில் ஆறு எழுத்து அல்லது எண், ஒரு கோடு, பிறகு மூன்று எண் இருக்கும். அந்த மூன்றும் நிறத்துக்கானவை. பெட்டியிலும் அதே குறியீடு இருக்க வேண்டும், இணையத்தில் தேடினால் அதே ஷூ அதே நிறத்தில் வர வேண்டும். காமன் ப்ராஜெக்ட்ஸ் என்ற பிராண்டின் ஷூவில் குதிகாலருகே பொன்னிறத்தில் 10 இலக்கம் இருக்கும்: முதல் நான்கு மாடல், அடுத்த இரண்டு அளவு, மீதி நிறம். விற்பவர் 42 என்கிறார், நடுவில் 41 என்று இருக்கிறது என்றால் பேச்சே வேண்டாம்.

நேரில் பார்க்க வழியில்லையா? இன்சோலுக்கு அடியில் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என்னை ஏமாற்றியவரிடம் நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு படத்தைத்தான்.