லித்தியம் சாப்பிடுகிறவர் இருக்கும் வீட்டில்

என் தம்பிக்கு பைபோலார், மனசு சில நாள் அளவுக்கு மீறித் துள்ளி, சில நாள் அடியோடு சோர்ந்துபோகும் மனநோய். அதற்காகப் பதினோரு வருஷமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. அதைத் தவிர மிச்சமெல்லாம் வீட்டு வேலை. மதுரையில் எங்கள் வீட்டில் அதில் பாதியை அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முதல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெடிக்கல் வாசலில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனையில் தொடங்குகிறேன், நான் முதலில் சொதப்பியது அதில்தான். அப்போது அவனுக்குக் காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு என 300 மில்லிகிராம் மாத்திரை. லேபுக்குப் போகத் தாமதமாகிறதே என்று இட்லியோடு காலை மாத்திரையையும் கொடுத்துக் கூட்டிப்போனேன். ரிப்போர்ட்டில் 1.3. "மாத்திரை போட்டுட்டா ரத்தம் குடுத்தார்?" என்று டாக்டர் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்துக்குத்தான் அந்த எண்ணில் அர்த்தம் உண்டு. ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு லேபில் இருக்க வேண்டும். காலை மாத்திரை ரத்தம் கொடுத்த பிறகு.

நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்குப் பொதுவாக 0.6 முதல் 1.0 வரை வைத்திருப்பார்கள். 1.5 தாண்டினால் ஆபத்து. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இவ்வளவுதான் இடம். டோஸ் மாற்றினால் அளவு நிலைக்கு வர ஐந்தாறு நாள் ஆகும், அதனால் மறுநாளே ஓடிப்போய்ப் பார்ப்பதில் பலனில்லை. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனையையும் தைராய்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள், லித்தியம் வருஷக்கணக்கில் மெதுவாகக் கைவைக்கும் இடங்கள் சிறுநீரகமும் தைராய்டும்தான். லேபில் இன்னொன்றும் கேளுங்கள். பச்சை மூடி போட்ட குழாய்கள் பலவற்றில் ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பாரின் இருக்கும். அதில் எடுத்தால் இல்லாத லித்தியமும் கணக்கில் ஏறிவிடும். "லித்தியம் டெஸ்ட்டுக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். ரத்தம் எடுக்கிற பையன் முறைப்பான். முறைக்கட்டும்.

அடுத்தது உப்பு. லித்தியமும் உப்பில் இருக்கும் சோடியமும் ஒரே குடும்பம், சிறுநீரகத்துக்கு இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் இந்த மருந்து மனநோய்க்குக் கேட்கிறது என்று எழுதியது 1949ல். அதே வருஷம் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகள் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் உப்பைத் தூவிச் சாப்பிட்டுச் செத்துப்போயிருக்கிறார்கள். ஆகவே உப்பைத் திடீரென்று குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

இது தெரியாமல் ஒரு வருஷம் கந்த சஷ்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டிக்கொண்டான். ஆறு நாளும் பாலும் பழமும்தான் என்றான். பக்திதானே என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நடை தள்ளாடியது, நாக்குக் குழறியது, இரண்டு தடவை வாந்தி. "தம்பி குடிச்சிருக்கானாம்மா?" என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 1.9. டிரிப்ஸ் ஏற்றி மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

டம்ளர் பிடிக்கும்போது விரல் லேசாக நடுங்குவது லித்தியத்தில் சகஜம், அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். கையே உதறுவது, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், குழப்பம், ஓயாத வாந்தி பேதி என்றால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். வெறும் வயிற்றுப்போக்கு என்றாலும் அன்றைக்கே டாக்டருக்கு போன் போடுங்கள். அவன் கட்டட வேலையில் மேற்பார்வை, சித்திரை வெயிலில் நிற்கிறவன். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் பையில் இல்லாமல் அனுப்புவதில்லை.

வலி மாத்திரைதான் அடிக்கடி வரும் வம்பு. பல்வலி என்று மெடிக்கலில் கேட்டால் இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் எல்லாமே லித்தியம் அளவை ஏற்றக்கூடியவை. பாரசிட்டமால் போடலாம், ஆனால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பாரசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக் சேர்ந்த மாத்திரை ஏராளம். பிரஷர் மாத்திரைகளிலும் இதே தொல்லை உண்டு. டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் வகைகளும், நீர் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடும் லித்தியத்தை ஏற்றும். மாத்திரைப் பெயரின் கடைசியில் 'எச்' என்று இருந்தால் பெரும்பாலும் அந்த நீர் மாத்திரை உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும் முதல் வார்த்தையே "லித்தியம் சாப்பிடுகிறான்" என்றுதான் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளாக இருந்தால், குழந்தைக்கு யோசிப்பதற்கு முன்னாலேயே மனநல டாக்டரிடம் பேசிவிடுங்கள். காப்பியைக்கூட ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, லித்தியம் ஏறும். இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரட்டையாகக் கொடுக்காதீர்கள். மெதுவாகக் கரையும் எஸ்ஆர் மாத்திரையாக இருந்தால் பொடிக்காதீர்கள்.

"நல்லாத்தானேக்கா இருக்கேன், இன்னும் எதுக்கு?" நாலாவது வருஷம் இதைக் கேட்டுவிட்டு, என்னிடம் சொல்லாமல் நிறுத்திவிட்டான். மூன்றாவது வாரம் தூக்கம் போனது. நாலாவது வாரம் வட்டிக்கு வாங்கிப் பழைய பைக் மூன்று வாங்கி வாசலில் நிறுத்தினான். லித்தியத்தைச் சடாரென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் டாக்டர் பார்வையில் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள்.

தோசை மாவில் கலந்து கொடுக்கச் சொல்லி எனக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. செய்யவில்லை. ஒருமுறை கண்டுபிடித்தால் அப்புறம் என் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டான். அவனோடு உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டேன். நிறுத்தத் தோன்றினால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும், நான் கத்தக் கூடாது. இரண்டாவது பாகம்தான் கஷ்டம். ராத்திரியில் யாரிடமும் கேட்க வழியில்லாதபோது 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இப்போது மூன்று மாத்திரையும் ராத்திரிக்கே மாற்றியாகிவிட்டது. போட்ட கையோடு தினசரிக் காலண்டர் தாளில் நேரத்தை அவனே எழுதுகிறான். முன்பு நான் எழுதிக்கொண்டிருந்தேன். என் கையெழுத்தில் ஒன்பது எது ஏழு எது என்று தெரியவில்லையாம்.