கலர் பாம்புக்கு ஆசைப்படும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பாம்பு என்றதும் கை பாராங் கத்தியைத் தேடிய காலம் இருந்தது. இப்போது அதே தோட்டத்து வீடுகளில் வளர்ந்த பையன்கள் பிளாஸ்டிக் பெட்டிகளில் பால் பைத்தான் வளர்க்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, சுருண்டு படுத்தே நாளைக் கழிக்கும் சாதுவான மலைப்பாம்பு. அம்மாக்கள் அந்த அறைப் பக்கம் போவதில்லை, அது வேறு கதை. சும்மா வளர்ப்பவருக்குப் பெரிய சிக்கல் வருவதில்லை. அபூர்வ நிறக் குட்டி எடுத்து விற்கலாம் என்று இறங்குபவர்தான் மாட்டிக்கொள்கிறார், அதுவும் பெரும்பாலும் ஜோடி வாங்கும் இடத்திலேயே.

அதிகம் பேர் சறுக்குவது 'ஹெட்' கணக்கில். அல்பினோ (கறுப்பு நிறமி இல்லாத மஞ்சள்), பைபால்ட் (வெள்ளைத் திட்டுகள்) போன்ற நிறங்கள் ஒடுங்கு பண்பு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த ஜீன் வந்தால்தான் நிறம் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால் பாம்பு சாதாரணப் பழுப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஜீனை உள்ளே சுமக்கும். அதைத்தான் ஹெட் என்கிறார்கள். இரண்டு ஹெட்டைச் சேர்த்தால் நாலில் ஒன்று அல்பினோ என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, நாலு முட்டை வந்தால் ஒன்று நிச்சயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாகச் சீட்டு குலுக்குகிறது இயற்கை. ஆறு முட்டை இருந்தும் ஓர் அல்பினோகூட வராமல் போக நூற்றுக்குச் சுமார் 18 வாய்ப்பு உண்டு. இரண்டு ஒடுங்கு நிறங்களை ஒரே குட்டியில் பார்க்க ஆசைப்பட்டு இரண்டு ஜீனையும் சுமக்கும் இரட்டை ஹெட் ஜோடி வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். பதினாறில் ஒன்றுதான் கணக்கு. ஆறு முட்டையில் ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 68. குறைந்தது ஒரு பக்கமாவது நிறம் வெளியே தெரியும் பாம்பாக வாங்குங்கள். காசு கூடத்தான், ஆனால் வருடங்கள் மிச்சம்.

இதோடு ஒட்டியது '66 விழுக்காடு ஹெட்' என்று விற்கும் குட்டி. ஹெட் ஜோடிக்குப் பிறந்த சாதாரண நிறக் குட்டிகளில் மூன்றில் இரண்டு ஜீனைச் சுமக்கும், ஆனால் எது சுமக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் பாம்பில் மூன்றில் இரண்டு பங்கு ஜீன் இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டவர்களும் உண்டு. அது வெறும் வாய்ப்பு, அவ்வளவுதான்.

"அண்ணே, அப்பனும் ஆத்தாவும் மஞ்சளு, குட்டி மட்டும் எப்படிண்ணே பழுப்பு?" என்று ஒரு தம்பி கேட்டார். ஒன்று அல்பினோ, மற்றொன்று லாவெண்டர் அல்பினோ. பார்வைக்கு உறவு போலத் தெரியும், ஆனால் இரண்டும் வெவ்வேறு ஜீன். சேர்த்தால் எல்லாக் குட்டியும் சாதாரண நிறத்தில், இரண்டுக்கும் ஹெட்டாகப் பிறக்கும். அவரை யாரும் ஏமாற்றவில்லை, பாம்பும் ஏமாற்றவில்லை.

பனானா நிறத்தில் இன்னொரு கூத்து. அந்த ஜீன் பாலின குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. மலைப்பாம்புகளிலும் நம்மைப் போல ஆண்தான் எக்ஸ்-ஒய் என்பது 2017-இல்தான் தெரியவந்தது; அதுவரை பாம்பு எல்லாமே பறவை மாதிரி, பெண்ணிடம்தான் இரு வேறு பாலின குரோமோசோம் என்று நினைத்திருந்தார்கள். ஆண் பனானாவுக்கு அந்த ஜீன் தன் அப்பாவிடமிருந்து வந்திருந்தால், அதன் பனானாக் குட்டிகள் பெரும்பாலும் ஆண். அம்மாவிடமிருந்து வந்திருந்தால் பெரும்பாலும் பெண். வாங்கும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்காதவர்தான் பிற்பாடு ஆண் குட்டிகளாக வைத்துக்கொண்டு வாங்க ஆளில்லாமல் நிற்கிறார்.

இனி, செய்யவே கூடாதது என்று நான் நினைப்பது. ஸ்பைடர் என்றொரு நிறம், வலை பின்னியது போன்ற கோடுகள், 1990-களின் கடைசியிலிருந்து சந்தையில் இருக்கிறது. அழகுதான். ஆனால் அந்த ஜீனோடு தலையாட்டமும் சேர்ந்தே வரும். சில பாம்புகளில் லேசாக, சிலவற்றில் திருகிக்கொண்டு தலைகீழாகப் புரளும் அளவுக்கு. உள்காதின் அமைப்பே மாறியிருக்கிறது. "ஆட்டம் இல்லாத ஸ்பைடராகப் பார்த்து வளர்த்தால் போய்விடும்" என்பது விற்பவர் பேச்சு; அமைதியான தாய்க்கும் மோசமாக ஆடும் குட்டி பிறக்கும். ஸ்பைடரை ஷாம்பேன் நிறத்தோடு சேர்த்தால் இரண்டும் சேர்ந்த குட்டி பிழைப்பதில்லை. சூப்பர் சின்னமன் நிறத்தில் முதுகெலும்பு வளைவும் வாத்து மூக்கும், கேரமல் அல்பினோவிலும் வளைவு, டெசர்ட் நிறப் பெண்ணுக்கு முட்டையிடுவதிலேயே கோளாறு. இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஜோடி சேர்ப்பது அலட்சியம். தெரிந்தே சேர்ப்பதற்கு நான் வேறு பெயர் வைத்திருக்கிறேன், இங்கே எழுத முடியாது.

பெண் பாம்பு 1,500 கிராமைத் தொட்டு, மூன்று வயதை நெருங்கும் வரை பொறுங்கள். முட்டையிட்ட பிறகு உடம்பு தேறவில்லையென்றால் அடுத்த வருடம் ஓய்வு.

முட்டைக்கு வேண்டியது 31, 32 டிகிரி. 55 முதல் 60 நாளில் பொரியும். வெளிநாட்டு வீடியோ பார்த்துச் சூடேற்றும் பாய் வாங்குகிறோம், ஆனால் தகரக் கூரைக்குக் கீழே நம்முடைய பிரச்சினை சூட்டைக் குறைப்பது. மத்தியானம் அறை 35-ஐத் தாண்டினால் குட்டி ஊனமாகவோ முட்டைக்குள்ளேயே இறந்தோ போகும். வீட்டில் கீழ்த்தளத்து மூலை அறை, பெட்டிக்குள் வெப்பமானி, இரண்டும் இல்லாமல் தொடங்காதீர்கள். கோழி முட்டை பொரிக்கும் கருவியில் வைப்பவர்கள் அதில் இருக்கும் தானாகத் திருப்பும் வசதியை நிறுத்த மறந்துவிடுகிறார்கள். பாம்பு முட்டையைத் திருப்பவே கூடாது, கரு மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். எடுக்கும்போதே மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டு, அதே வாக்கில் வையுங்கள்.

செம்பனைக்குள் எலிக்குப் பஞ்சமில்லை, இலவச இரை என்று பிடித்துப் போடத் தோன்றும். தோட்டத்தில் எலிக்கு மருந்து வைத்திருப்பார்கள். அந்த எலியைத் தின்ற பாம்புக்கும் விஷம் ஏறும். பண்ணையில் வளர்த்த எலிதான் சரி.

அப்புறம் தாள் விஷயம். பால் பைத்தான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, எல்லை தாண்டினால் அனுமதி வேண்டும். உள்நாட்டில் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பாம்பு வாங்கும் முன்பே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டு உரிமத்தை முடித்துக்கொள்ளுங்கள். வடிகாலில் பிடித்த சாவா மலைப்பாம்பை உரிமமில்லாமல் வீட்டில் வைத்துக்கொள்வதும் இதே சட்டத்தில் குற்றம். சிங்கப்பூரில் பாம்பு வளர்க்கவே அனுமதியில்லை, அங்கே இருக்கும் மச்சானுக்கு ஒரு குட்டி என்ற பேச்சே வேண்டாம்.

ஒரே பருவத்தில் ஒரு பெண்ணிடம் இரண்டு ஆணை விட்டால் குட்டிக்கு அப்பா யார் என்று சொல்ல முடியாது. பெண் பாம்பு விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்தும் வைக்கும். ஆகவே எந்த ஆண், எந்தத் தேதி, எத்தனை முட்டை, என்னென்ன நிறம் என்று நோட்டில் எழுதி, விற்கும் ஒவ்வொரு குட்டியோடும் அந்தப் பக்கத்தின் நகலைக் கொடுங்கள். அது இல்லாத ஹெட் குட்டியை வாங்க வேண்டியிருந்தால் சாதாரணப் பாம்பின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.