உறைந்த ஏரிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா? ரேடார் படத்தில் பார்ப்பது எப்படி

அலாஸ்காவின் வடகோடியில், உட்கியாக்விக் ஊரைச் சுற்றி ஆழமில்லாத ஏரிகள் ஆயிரக்கணக்கில் உண்டு. குளிர்காலத்தில் மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. எது அடிவரை உறைந்தது, எதில் தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதை ரேடார் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு வெளிச்சம் வேண்டாம், மேகமும் தடையில்லை.

உலர்ந்த பனியையும் நன்னீர்ப் பனிக்கட்டியையும் ரேடார் அலை துளைத்துப் போய்விடும். கீழே தண்ணீர் இருந்தால் அங்கே வலுவாகத் திரும்பும். ஏரி பளிச்சென்று தெரியும். பனிக்கட்டி தரையைத் தொட்டுவிட்டால் அலையில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விடும், ஏரி கறுப்பு. இந்தப் பளிச்சுக்குக் காற்றுக்குமிழிகள்தான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். இப்போது பனிக்கட்டியின் அடிப்பரப்பு சொரசொரப்பைத்தான் முக்கியமாகச் சொல்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. ஐரோப்பிய ஒன்றியத்தின் புவி கண்காணிப்புத் திட்டமான கோப்பர்னிக்கஸின் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து, அதன் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 எடுத்த படம் ஒன்றை இறக்குங்கள். ஐடபிள்யூ (IW, அகலப் பட்டையாகப் படமெடுப்பது) முறை, ஜிஆர்டி (GRD, திரும்பிய அலையின் வலிமையைத் தரைத் தூரத்தில் காட்டும் படம்) வகை. ஏப்ரல் மாதப் படம் நல்லது: பனிக்கட்டி தடிமனாக இருக்கும், உருகத் தொடங்கியிருக்காது. ஜூன் படம் வேண்டாம். ஈரப்பனி அலையை விழுங்கி எல்லா ஏரியையும் கறுப்பாக்கிவிடும்.

2. ஸ்நாப் (SNAP) என்ற இலவச செயற்கைக்கோள் பட மென்பொருளில் திறந்து, சுற்றுப்பாதைத் திருத்தம், வெப்ப இரைச்சல் நீக்கம், அளவுத்திருத்தம், புள்ளி இரைச்சல் வடிகட்டல் என்று வரிசையாகச் செய்யுங்கள். வடிகட்டியைப் பலமாக வைத்தால் சின்ன ஏரிகள் கரைந்துபோகும்.

3. அடுத்து நிலத்தோற்றத் திருத்தம்: நில உயரத் தரவைக் கொண்டு படத்தைத் தரையில் சரியான இடத்தில் பொருத்துவது. புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஸ்நாப் தானாகத் தேர்ந்தெடுக்கும் எஸ்ஆர்டிஎம் (SRTM, விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது) உயரத் தரவு வடக்கு 60 பாகையோடு முடிந்துவிடும். உட்கியாக்விக் இருப்பது 71-இல். அப்படியே ஓட்டினால் காலிப் படம்தான் வரும். கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவுக்கு மாற்றுங்கள். உயரத் தரவு இல்லாத இடத்தை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள்; கடலோரம் தாழ்வான நிலம், அதுவும் சேர்ந்து மறைந்துபோகலாம்.

4. திரும்பிய அலையின் வலிமையை டெசிபெல் அளவுக்கு மாற்றுங்கள். கோடைக்காலப் படத்திலிருந்து ஏரி எல்லைகளை வரைந்து, அவற்றுக்குள் மட்டும் எந்த டெசிபெல்லில் எத்தனை பிக்சல் என்று வரைபடமாக்கினால் பெரும்பாலும் இரண்டு மேடுகள் தெரியும். நடுப்பள்ளத்தில் வரம்பை வையுங்கள்: அதற்குக் கீழே அடிவரை உறைந்தது, மேலே தண்ணீர் உள்ளது. வேறு ஊருக்குச் சொன்ன எண்ணை இங்கே போடாதீர்கள்.

அப்புறம், பல ஏரிகளில் கரையோரம் கறுப்பு வளையமும் நடுவே பளிச்சும் தெரியும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான படங்களை அடுக்கிப் பார்த்தால் அந்த வளையம் உள்நோக்கி வளரும். ஓரிடம் எந்த நாளில் கறுக்கிறதோ, அன்றைய பனிக்கட்டித் தடிமன்தான் ஏறக்குறைய அங்கே ஏரியின் ஆழம்.