நாட்டுப்படகு மீனைப் பங்கு போட்டு விற்பது எப்படி?

நாட்டுப்படகு மீனவரும் மீன் வாங்கும் குடும்பமும் இடையில் ஏலம் இல்லாமல் சேர்வதற்குப் பங்கு முறை நல்ல வழி. குடும்பங்கள் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, படகில் என்ன மீன் படுகிறதோ அதில் வாராவாரம் பங்கு வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் போர்ட் கிளைட் மீனவர்கள் 2007-இல் இப்படித்தான் தொடங்கினார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி, மண்டபம் பக்கத்தில் இதைச் செய்வதென்றால், முதலில் பார்க்க வேண்டியது கடன்.

வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு, கடன் தீரும்வரை மீனை அவரிடமே போட்டாக வேண்டும். அதை விசாரிக்காமல் படகைச் சேர்த்தால், நல்ல பாடு (மீன்வரத்து) வந்த முதல் நாளே கரையில் தகராறு. யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த மீனுக்கு என்று ஒவ்வொரு படகுக்காரரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடன் இல்லாத 3, 4 படகுகள் கிடைத்தால் போதும். கடன் உள்ளவரும் சேர விரும்பினால், நண்டும் இறாலும் வியாபாரிக்கு, மற்ற மீன் பங்குக்கு என்று வியாபாரியிடமே பேசி முடிவு செய்யலாம். ஏற்றுமதிக்குப் போகும் சரக்கின் மேல்தான் அவருக்கு அக்கறை என்பதால் பல இடங்களில் இது நடக்கும்.

30 குடும்பங்கள், வாரம் 2 கிலோ, 8 வாரம் என்று தொடங்குங்கள். வாரத்துக்கு 60 கிலோ. பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை இருக்கிறது. நாட்டுப்படகு போய் வந்த மறுகாலையையே விநியோக நாளாக வையுங்கள்.

மீனுக்கு மீன் தனி விலை வைக்காதீர்கள். வைத்தால் எல்லோரும் வஞ்சிரமும் பாறையும் கேட்பார்கள்; காரப்பொடி, முரல், கிழங்கான் போன்ற மலிவு மீன்கள் படகுக்காரர் தலையில் விழும். கலப்பு மீனுக்கு ஒரே விலைதான் சரி. உதாரணத்துக்கு, கரையில் கலப்பு மீன் கிலோ 200 ரூபாய் போகிறதென்றால் மீனவருக்கு 230, ஐஸ், பெட்டி, வேனுக்கு 45, சுத்தம் செய்யும் பெண்களுக்கு 25, ஆக 300. அந்தப் பெண்கள் அதே ஊரில் கூடை சுமந்து மீன் விற்பவர்களாக இருக்கட்டும். பங்கு முறையால் அவர்கள் பிழைப்பு போனால் அது ஊருக்குச் செய்யும் துரோகம். மீன் காசை அன்று காலையே படகுக்குக் கொடுத்துவிட வேண்டும். டீசல் செலவு கழித்து ஆட்கள் பங்கு பிரிப்பது அன்றைக்குத்தான்.

எடை விஷயத்தில்தான் அதிகச் சண்டை வரும். 2 கிலோ முழு மீன், தலையும் குடலும் செதிலும் போனால் 1.2 கிலோ அளவுக்கு வந்து நிற்கும். பணம் வாங்கும்போதே "முழு மீன் எடை" என்று ரசீதில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது ஐஸ். 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ், அதுவும் படகு கடலுக்குக் கிளம்பும்போதே ஏற வேண்டும். மாலையில் விட்ட வலையை விடியலில் இழுத்தால், இரவே மாட்டிச் செத்த மீன் மணிக்கணக்கில் வெதுவெதுப்பான தண்ணீரில் கிடந்திருக்கும். கரையில் எவ்வளவு ஐஸ் கொட்டினாலும் அது மீளாது. வலை கிடக்கும் நேரத்தை 3, 4 மணி நேரமாகக் குறைக்கச் சொல்லுங்கள். கிலோவுக்கு 30 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது இதற்காகத்தான்.

பெட்டி அடுக்கும்போது ஐஸை நன்றாகப் பொடித்துக்கொள்ளுங்கள். கட்டியாகப் போட்டால் விளிம்பு சதையில் பதியும், இடையில் காற்றும் நிற்கும். அடியில் 5 செ.மீ. ஐஸ், அதன் மேல் ஒரு வரிசை மீன் வயிறு கீழே இருக்கும்படி, மறுபடி ஐஸ், கடைசியாக மேலேயும் ஐஸ். தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். உருகிய தண்ணீர் ரத்தமும் வழவழப்புமாகத் தேங்கினால் அடி வரிசை மீன் முதலில் நாறும். ஐஸ் நேராகப் பட்ட மீனுக்குக் கண் வெளுக்கும், அதைக் கெட்டது என்று ஒதுக்க வேண்டாம். செவுளைத் தூக்கிப் பாருங்கள்: சிவந்து, கடல் வாடையோடு இருக்க வேண்டும்.

சூரை, அயிலை, மத்தி மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. சூட்டில் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து, உடம்பு அரிக்கும். ஐஸ் இல்லாமல் வந்ததைக் கரையிலேயே மறுத்துவிடுங்கள்.

நண்டை உயிரோடு ஈரச் சாக்கில் போட்டு அனுப்புங்கள், நல்ல தண்ணீரில் போட்டால் செத்துவிடும். சினை நண்டு வாங்குவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அதைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு கடலுக்குப் போகலாம், ஆனால் கரை விலை ஏறும். பேசிய விலைக்குத் தர மனம் வராது. அந்த 61 நாளுக்குத் தனி விலையை ஆரம்பத்திலேயே எழுதிவையுங்கள். புயல் எச்சரிக்கையால் படகு இறங்காத வாரத்தைக் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம், அல்லது உறுப்பினர் சம்மதித்தால் கருவாடாகத் தரலாம். விசைப்படகு மீனை ஏலத்தில் வாங்கி அந்தப் பங்கை நிரப்ப வேண்டாம்.