சிறு லேத்தில் மரை வெட்டச் சேஞ்ச் கியர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

சிறு லேத்தின் இடப்பக்க மூடியைத் திறந்தால், எந்தப் பிட்ச்சுக்கு (அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையிலான தூரத்துக்கு) எந்தக் கியர் என்று சொல்லும் அட்டவணை ஒன்று உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். முதன்முறை நான் அதை அப்படியே நம்பி, 8 மி.மீ. விட்டமும் 1.25 மி.மீ. பிட்ச்சும் கொண்ட எம் 8 மரை ஒன்றை வெட்டினேன். நட் இரண்டு சுற்று ஏறி இறுகி நின்றுவிட்டது. மரையை இன்னும் ஆழமாக்கினேன், டூலை மறுபடியும் தீட்டினேன், எதுவும் உதவவில்லை. வெர்னியரை வைத்துப் பத்து மரையை அளந்த பிறகுதான், 12.5 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 11.8 மி.மீ. மட்டுமே இருப்பது தெரிந்தது. அட்டவணை அங்குலத்துக்கு 16 மரை உள்ள லீட் ஸ்க்ரூவுக்காக (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீண்ட திருகுக்காக) அச்சிடப்பட்டது. என் இயந்திரத்தில் இருந்ததோ 1.5 மி.மீ. பிட்ச் கொண்ட லீட் ஸ்க்ரூ. அன்றிலிருந்து அட்டவணையைச் சரிபார்க்க மட்டுமே பார்க்கிறேன். கியரைக் கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறேன். பின்னத்தைப் பெருக்கவும் சுருக்கவும் தெரிந்தவர் எவரும் இந்தக் கணக்கைப் போடலாம்.

கணக்குக்கு முன் இரண்டு அளவுகளை உங்கள் இயந்திரத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவது லீட் ஸ்க்ரூவின் பிட்ச். ஒரே ஒரு மரையை அளந்தால் 1.5 மி.மீ.க்கும், 16 மரை ஸ்க்ரூவின் 1.5875 மி.மீ.க்கும் உள்ள வேறுபாடு எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். இருபது மரையைச் சேர்த்து அளந்தால் ஒன்று 30 மி.மீ., மற்றொன்று 31.75 மி.மீ. என்று தெளிவாகப் பிரிந்துவிடும். இரண்டாவது, வேலைப்பொருளைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டில் ஒரு சுற்று சுற்றும்போது, நாம் மாற்றும் கியர்களில் முதலாவது ஏறி நிற்கும் ஸ்டட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது. வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கிலும், ஸ்டட்டிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, சக்கைக் கையால் பத்துச் சுற்று சுற்றி எண்ணுங்கள். இரண்டும் பத்து என்றால் கவலையில்லை. ஸ்டட் வேறு எண்ணிக்கையில் சுற்றினால், அந்த விகிதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் எல்லாம் 1.5 மி.மீ. லீட் ஸ்க்ரூவையும், ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றும் ஸ்டட்டையும் வைத்துச் சொல்லப்பட்டவை. பெட்டியில் 20, 30, 35, 40, 40, 45, 50, 55, 60, 65, 80, 80 பல் கியர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அடிப்படை இதுதான்: வெட்ட வேண்டிய பிட்ச்சை லீட் ஸ்க்ரூவின் பிட்ச்சால் வகுத்தால் கிடைக்கும் பின்னமே, இயக்கும் கியரின் பற்களை இயக்கப்படும் கியரின் பற்களால் வகுத்துக் கிடைக்க வேண்டிய பின்னம். மேலே இருப்பது ஸ்பிண்டில் பக்கம், கீழே இருப்பது லீட் ஸ்க்ரூ பக்கம். இதைத் தலைகீழாக மாட்டுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. நுண்ணிய மரைக்கு லீட் ஸ்க்ரூ மெதுவாகச் சுற்ற வேண்டும், ஆகவே அதன்மேல் இருக்கும் கியர் பெரியதாக இருக்க வேண்டும் என்று ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டால் போதும்.

எம் 6 போல்ட்டின் பிட்ச் 1 மி.மீ. ஒன்றை 1.5 ஆல் வகுத்தால் 2/3. மேலும் கீழும் இருபதால் பெருக்கினால் 40/60. எம் 8 இன் 1.25 மி.மீ.க்கு 5/6, அதாவது 50/60. எம் 12 இன் 1.75 மி.மீ.க்கு 7/6, அதாவது 35/30. எம் 3 இன் 0.5 மி.மீ.க்கு 20/60. இவற்றுக்கெல்லாம் இரண்டு கியர்கள் போதும். இடைவெளியை நிரப்ப நடுவில் மாட்டும் ஐட்லர் கியருக்கு எத்தனை பல் இருந்தாலும் விகிதம் மாறாது. ஆனால் சுழலும் திசை மாறும் என்பதால், ஒரு ஐட்லரைச் சேர்த்தாலோ எடுத்தாலோ லீட் ஸ்க்ரூவின் திசையை மாற்றும் டம்ப்ளர் நெம்புகோலின் நிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் வலப்பக்க மரைக்குப் பதில் இடப்பக்க மரை விழும்.

எம் 5 இன் 0.8 மி.மீ.க்கு வரும் 8/15 என்ற பின்னம் நம் பெட்டியில் உள்ள எந்த இரண்டு கியர்களாலும் நேராக அமைவதில்லை. இங்கேதான் காம்பவுண்ட் இணைப்பு தேவைப்படுகிறது. பின்னத்தை 4/5 × 2/3 என்று உடைத்தால் 40/50 × 40/60 என்று நான்கு கியர்களாகிவிடும். ஸ்டட்டில் இருப்பதை அ என்றும், அதனால் சுற்றப்படுவதை ஆ என்றும், ஆவோடு ஒரே அச்சில் பூட்டிய அடுத்ததை இ என்றும், லீட் ஸ்க்ரூவில் இருப்பதை ஈ என்றும் கொண்டால், விகிதம் அ/ஆ × இ/ஈ. இவற்றில் சில இடம் மாறலாம்: அவும் இயும் தமக்குள் மாறிக்கொள்ளலாம், ஆவும் ஈயும் தமக்குள் மாறிக்கொள்ளலாம். மேலே உள்ளது கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். எம் 4 இன் 0.7 மி.மீ.க்கும் இதே வழியில் 35/50 × 40/60 கிடைக்கும்.

அங்குல மரைக்கு வரும்போதுதான் விஷயம் சுவையாகிறது. கால் அங்குல போல்ட்டை இரண்டு நூல் என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. வீட்டுக் குழாயின் அரை அங்குல மரை அங்குலத்துக்கு 14 என்ற பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை) கணக்கிலேயே இருக்கிறது, கேமரா முக்காலியின் திருகும் கால் அங்குலம், 20 மரைதான். ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மி.மீ., அதாவது 127/5. 127 பகா எண் என்பதால், துல்லியமான விகிதம் வேண்டுமானால் 127 பல் கியரோ அதன் மடங்கோ இல்லாமல் முடியாது. சிறு லேத்துகளில் பரவலாக உள்ள மாடியூல் 1 கியரில் (மாடியூல் என்பது பல்லின் அளவைக் குறிக்கும் எண்), 127 பல் என்றால் வெளி விட்டம் 129 மி.மீ.; பல இயந்திரங்களில் அது மூடிக்குள் அடங்காது.

ஆனால் அதற்காக வருந்த வேண்டியதில்லை. 20 மரையின் பிட்ச் 1.27 மி.மீ.; அதை 1.5 ஆல் வகுத்தால் 0.84667. பெட்டியில் உள்ள 55/65 ஐ வகுத்துப் பாருங்கள்: 0.84615. வேறுபாடு 0.06 விழுக்காடு மட்டுமே. முக்காலித் திருகு 5 மி.மீ. உள்ளே போகிறது என்றால், அந்த நீளத்தில் சேரும் பிழை 0.003 மி.மீ.; எந்த நட்டும் அதை உணராது. இந்த 55/65 ஐ மற்றொரு பின்னத்தோடு சேர்த்தால் ஏனைய அங்குல மரைகளும் அதே பிழை அளவில் வந்துவிடுகின்றன: 16 மரைக்கு 55/65 × 50/40, குழாயின் 14 மரைக்கு 55/65 × 50/35. இதே 0.06 விழுக்காடு 300 மி.மீ. நீள ஸ்க்ரூ ஒன்றில் 0.18 மி.மீ. ஆகிவிடும் என்பதால், நகர்வை அளக்கும் ஸ்க்ரூ எதையும் இந்த விகிதத்தில் வெட்டக் கூடாது. பிழை எவ்வளவு என்று கேட்பதைவிட, எவ்வளவு நீளத்துக்கு என்று கேட்பதே சரியான கேள்வி. கியர்கள் மரைக்கோணத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்: விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரைக்கும் பி.எஸ்.பி.க்கும் டூல் 55 பாகை, மெட்ரிக்குக்கும் முக்காலித் திருகுக்கும் 60 பாகை.

கூடுதலாக ஒரு கியர் வாங்க மனமிருந்தால், 63 பல் கியரை வாங்கச் சொல்வேன். 80/63 என்பது 1.26984, நமக்கு வேண்டிய 1.27க்கு மிக அருகில், பிழை 0.0125 விழுக்காடுதான். 20 மரைக்கு 80/63 × 40/60 என்று மாட்டலாம். 21 பல் கியரும் இதே துல்லியத்தைத் தரும், விலையும் குறையும். ஆனாலும் நான் 63 ஐயே விரும்புவதற்குக் காரணம் இடவசதி. தாளில் சரியாக வரும் விகிதம் இயந்திரத்தில் பூட்ட வராமல் போவதற்கு 21 நல்ல எடுத்துக்காட்டு. 20/21 × 40/45 விகிதத்தில் மிகச் சரி. ஆனால் அ, ஆ இரண்டையும் கூட்டினால் 41 பல்தான் வரும், இயோ 40 பல். இ போய் அவின் அச்சில் இடித்து நிற்கும். அ + ஆ என்பது இயைவிடக் குறைந்தது 15 கூடுதலாகவும், இ + ஈ என்பது ஆவைவிடக் குறைந்தது 15 கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது பயனுள்ள விதி. 40/21 × 20/45 என்று இடம் மாற்றினால் விதி நிறைவேறும். ஆனால் மாடியூல் 1 இல் நான்கையும் நேராக நீட்டினாலும் ஸ்டட்டிலிருந்து 63 மி.மீ. தூரமே எட்டும், லீட் ஸ்க்ரூ அதற்கு அப்பால் இருந்தால் பயனில்லை. 80/63 × 40/60 இல் அதே நீட்சி 121.5 மி.மீ. மேலே சொன்ன 14 மரைக்கான 55/65 × 50/35 கூட விதியை மயிரிழையில்தான் தாண்டுகிறது. 35 ஐயும் 65 ஐயும் இடம் மாற்றி 55/35 × 50/65 என்று வைத்தால் தாராளமாக இடம் கிடைக்கும்.

அரிதான பிட்ச் ஒன்று வந்தால் காகிதத்தில் தேடிக் களைக்க வேண்டாம். பன்னிரண்டு கியர்களிலிருந்து நான்கைத் தேர்ந்தால் மூவாயிரத்துக்கும் குறைவான விகிதங்களே அமையும். விரிதாள் ஒன்றில் அவற்றை ஒருமுறை கணக்கிட்டு வரிசைப்படுத்தி வைத்தால் வாழ்நாளுக்கும் போதும். வெளியே கியர் வாங்கும்போது பல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கக் கூடாது. பழைய பிரிட்டிஷ் மைஃபோர்ட் லேத்தின் 20 டி.பி. (பல்லின் அளவைச் சொல்லும் அங்குலக் கணக்கு) கியர், மாடியூல் கணக்கில் 1.27, அது மாடியூல் 1 கியரோடு பொருந்தாது.

மாட்டும்போது மின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. இரண்டு பற்களுக்கு நடுவே செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்து அழுத்தி, கியர்களைத் தாங்கும் குவாட்ரண்டை இறுக்கி, சக்கைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடுத்தால் தேவையான இடைவெளி அமைந்துவிடும். தாள் கிழிந்து வந்தால் இறுக்கம் அதிகம். பிளாஸ்டிக் கியர் உள்ள இயந்திரத்தில் இந்த இடைவெளி இல்லாவிட்டால் பல் முறிவது உறுதி.

பிறகு வேலைப்பொருளின் மேல் மார்க்கர் மையைப் பூசி, டூலின் நுனி மையை மட்டும் கீறும்படி ஒரு ஓட்டம் விடுங்கள். எம் 8க்குப் பத்துக் கீறல் இடைவெளிகளின் தூரம் 12.5 மி.மீ., 20 மரைக்கு 12.7 மி.மீ. வர வேண்டும். மிகக் குறைந்த வேகமே பலருக்கும் வேகமாகத் தோன்றும்: நிமிடத்துக்கு 100 சுற்றில் 1.5 மி.மீ. மரை என்றால் டூலைத் தாங்கும் கேரேஜ் நொடிக்கு 2.5 மி.மீ. ஓடுகிறது. தோள்வரை (விட்டம் பெரிதாகும் இடம்வரை) வெட்ட வேண்டியிருந்தால் ஸ்பிண்டிலின் பின்பக்கத்தில் ஒரு கைப்பிடி செய்து மாட்டிக் கையால் சுற்றுவதே நல்லது.

அடுத்த ஓட்டத்துக்குத் திரும்பும்போது கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் ஹாஃப் நட்டைத் திறக்கலாமா என்பதையும் இதே பின்னம் சொல்லிவிடும். 1.5, 0.75, 0.5 மி.மீ. மரைகள் லீட் ஸ்க்ரூவின் பிட்ச்சுக்குள் மீதியின்றி அடங்குவதால் எங்கே மூடினாலும் டூல் பழைய தடத்திலேயே விழும். 1.25 மி.மீ.க்கு லீட் ஸ்க்ரூ ஐந்து சுற்றுக்கு ஒருமுறைதான் அது நிகழும். அங்குல மரையை 55/65 லோ 80/63 லோ வெட்டும்போது, வேலை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது; ஓட்ட முடிவில் மோட்டாரை நிறுத்தி, டூலை வெளியே இழுத்து, மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்றிக் கேரேஜைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, தளர்வு முழுதும் எடுபடும்படி தொடக்க இடத்தையும் சற்றுத் தாண்டி நிறுத்திய பின்பே டூலை மறுபடி உள்ளே கொடுக்க வேண்டும்.