அலாய் போட்ட வண்டி மேட்டுப்பாளையம் தாண்டினால் உதறுகிறதா?

நீலகிரியில் காருக்கு வெளி அலாய், அதாவது கம்பெனி தராத, வெளிக்கடையில் வாங்குகிற அலாய் வீல், போடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஊட்டியிலோ குன்னூரிலோ வீல் மாற்றிவிட்டு மாதக்கணக்கில் ஓட்டினாலும் ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் ஊட்டி சேரிங்கிராஸிலிருந்து கோத்தகிரி வரைக்கும் எங்கே நீங்கள் ஐம்பதைத் தாண்டப் போகிறீர்கள்? ஒருநாள் கீழே இறங்கி, அன்னூர் வழியாக அவிநாசி போய், சேலம் நெடுஞ்சாலையில் ஏறினதும்தான் விஷயம் வெளியே வரும். 80-ல் ஸ்டீயரிங் லேசாகத் துடிக்கும், 95 பக்கம் கை மரத்துப்போகிற அளவுக்கு உதறும், 110 தாண்டினால் கொஞ்சம் அடங்கும். கூடலூர்க்காரர்களுக்கு இது குண்டலுப்பேட்டை தாண்டி மைசூர் ரோட்டில் நடக்கும். திரும்ப மேலே வந்து கடைக்காரரிடம் சொன்னால், ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் ஓட்டியது ஊட்டிக்குள்.

காரணம் சாதாரணக் கணக்குதான். 15 இன்ச் ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை வெளிப்பக்கம் இழுக்கிற விசை முக்கால் கிலோ அளவு. 90-ல் அதே 30 கிராம் மூன்றரைக் கிலோவுக்கு மேல் இழுக்கும், அதுவும் விநாடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று தடவை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. போதாததற்கு முன் சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங்குக்கும் சேர்ந்து ஒரு இயல்பான அதிர்வு எண் உண்டு, சக்கரம் அந்த எண்ணிக்கையில் சுற்றும் வேகம் வரும்போதுதான் உதறல் உச்சத்துக்குப் போகிறது. அதனால் மலையில் ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது, சரியாகிவிட்டதா என்று உறுதி செய்யவும் முடியாது. சோதனை ஓட்டத்துக்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

கையை வைப்பதற்கு முன்னால் எந்த வகை உதறல் என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரங்களின் எடைச் சமநிலையோ, அவை நடுமையத்தில் உட்காராததோ காரணம். ஸ்டீயரிங் சும்மா இருந்து சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரம். 20, 30-லேயே வண்டி மெதுவாகத் தள்ளாடினால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயர் உருண்டையாக இல்லை. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் வந்து, விட்டால் போனால் டிரைவ் ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். பிரேக் பிடித்தால் மட்டும் உதறினால் அது டிஸ்க் சமாச்சாரம், பர்லியாறு இறக்கத்தில் அதுதான் முதலில் தெரியும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

காசு செலவில்லாத வேலை முதலில். ரிம்மின் உள்பக்கம் மண் அடைத்திருக்கிறதா பாருங்கள். எஸ்டேட் ரோட்டுச் செம்மண் மழையில் சேறாகப் போய் உள்வளையத்தில் ஒரு பக்கமாக ஒட்டிக் காய்ந்தால் நூறு கிராம் சர்வ சாதாரணம். வெளியே பளபளவென்று கழுவின வண்டியிலும் உள்ளே இது இருக்கும். கழுவிவிட்டு ஓட்டிப் பாருங்கள், பலருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது நட். இதை நான் உதறலுக்காக மட்டும் சொல்லவில்லை, சக்கரம் கழன்று போகாமல் இருப்பதற்காகவும் சொல்கிறேன். நட் ரிம்மில் உட்காரும் இடம் மூன்று விதம்: கூம்பாக, பந்து போல உருண்டையாக, வாஷர் வைத்துத் தட்டையாக. மாருதி, ஹூண்டாய் கம்பெனி நட்கள் கூம்பு. ஹோண்டா நட் உருண்டை. டொயோட்டாவின் கம்பெனி அலாய்க்கு வருவது வாஷரோடு தட்டை. வெளி அலாய்கள் பெரும்பாலும் கூம்பு நட்டுக்கு வெட்டப்பட்டவை. ஹோண்டா சிட்டி வண்டியில் கம்பெனியின் உருண்டை நட்டையே வெளி அலாய்க்குப் போட்டு முடுக்கினால், அது ஒரு மெல்லிய வட்டத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், இறுக்கமாக இருக்கிற மாதிரி தெரியும், கொஞ்ச நாளில் தளரும். மரையையும் பாருங்கள். மாருதிக்கு 12 மி.மீ. ஸ்டட்டில், அதாவது நட் ஏறுகிற போல்ட்டில், மரை இடைவெளி 1.25 மி.மீ., ஹோண்டாவுக்கும் டொயோட்டாவுக்கும் ஹூண்டாய்க்கும் 1.5. மாற்றிப் போட்டால் கையில் ஒரு சுற்று ஏறும், அப்புறம் ஏர் கன் வைத்து அடித்தால் ஸ்டட் மரை போய்விடும். சரியான நட் என்றால் கையாலேயே ஏழெட்டுச் சுற்று சுகமாக ஏற வேண்டும்.

நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், அதாவது பிசிடி, பொருந்தாமல் எப்படி மாட்டுவார்கள் என்று கேட்காதீர்கள், மாட்டுவார்கள். ஃபியட்டின் 98 மி.மீ.க்கு வெட்டிய ரிம்மை 100 உள்ள காரில் திணிக்கலாம். இரண்டு மி.மீ. தானே என்று தோன்றும். நட் கோணலாக உட்காரும், அதற்கு மேல் எந்த பேலன்ஸிங்கும், அதாவது வெயிட் ஒட்டிச் சமன் செய்வதும், உதவாது. ரிம்மின் பின்பக்கம் அளவு வார்த்திருக்கும், ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம், நடுத்துளை. கம்பெனி வீலின் நடுத்துளை உங்கள் கார் ஹப்பின், அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுற்றுகிற பாகத்தின், மூக்கில் கச்சிதமாக உட்காரும், சக்கரம் தானாக மையத்தில் நிற்கும். வெளி அலாய் அப்படி இல்லை. ஒரே ரிம் பல கார்களுக்கு விற்க வேண்டும் என்பதால் துளையைப் பெரிதாகவே விடுவார்கள், பெரும்பாலும் 67.1 அல்லது 73.1 மி.மீ. ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1, சிட்டிக்கு 56.1, போலோவுக்கு 57.1, இன்னோவாவுக்கு 60.1. 73.1 துளையை ஸ்விஃப்ட்டில் மாட்டினால் சுற்றிலும் ஒன்பதரை மி.மீ. காலி. அப்போது சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது நான்கு கூம்பு நட் மட்டும்தான். பொறுமையாக, சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே குறுக்கும் நெடுக்குமாக முடுக்கினால் அவையே மையத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் பரபரப்பான கடையில் முதல் நட்டையே கன் வைத்து முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். சக்கரம் அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்துவிடும். டயரோடு சேர்த்து 17 கிலோ உள்ள சக்கரம் அரை மி.மீ. மையம் விலகினால், அது ரிம் ஓரத்தில் 45 கிராம் வெயிட் ஒட்டியதற்குச் சமம். பேலன்ஸிங் மெஷினில் சுத்தமாகப் பூஜ்யம் காட்டின சக்கரம் வண்டியில் உதறுவது இதனால்தான். மெஷின் சக்கரத்தைத் தன் கூம்பில் மையப்படுத்திப் பார்க்கிறது, உங்கள் ஹப்பில் அது எப்படி உட்காரும் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? நான்கு கடை ஏறி நான்கு தடவை பேலன்ஸிங் செய்தும் தீராத உதறல் என்றால் என் முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான்.

தீர்வு ஹப் ரிங், ஹப்புக்கும் ரிம் துளைக்கும் நடுவே உள்ள காலியை நிரப்புகிற வளையம். வெளியளவு ரிம்மின் துளைக்கு, உள்ளளவு உங்கள் ஹப்புக்கு. அளவைக் கடைக்காரர் வாய்ப்பேச்சில் எடுக்காமல் வெர்னியர் வைத்து நீங்களே எடுங்கள், ஹப்பின் துருவைத் தேய்த்துவிட்டு எடுங்கள். பிளாஸ்டிக், அலுமினியம் இரண்டிலும் ரிங் வருகிறது. சமவெளியில் பிளாஸ்டிக் போதும் என்பேன். நம் ஊர் இறக்கத்தில் டிஸ்க்கும் ஹப்பும் சூடாகிற சூட்டுக்கு அலுமினியம்தான் நிம்மதி. உங்கள் அளவு கிடைக்கவில்லையா, கோயம்புத்தூரில் எந்த லேத் பட்டறையிலும் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். ரிம்மையும் கையோடு கொண்டு போங்கள், ரிங் கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், சுத்தியல் கேட்கக் கூடாது, ஆடவும் கூடாது. ரிங்கின் உயரம் ஹப் மூக்கைவிடக் குறைவாக இருக்கட்டும், உள்விளிம்பில் லேசாகச் சரிவு வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஹப்பின் அடி வளைவில் முட்டிக்கொண்டு ரிம் முகம் டிஸ்க்கோடு படியாமல் நிற்கும். மாட்டும்போது ரிங்கில் மெல்லிசாக கிரீஸ் தடவினால், அடுத்த வருஷம் துருவில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்காது. ஸ்டட் மரையில் மட்டும் கிரீஸ் வேண்டாம், ஸ்பேனர் காட்டுகிற இறுக்கம் பொய்யாகிவிடும்.

ரிங் போட்டால் மட்டும் போதாது, ஹப்பும் ரிம்மும் ஒன்றோடொன்று படிகிற முகம் சுத்தமாக இருக்க வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் வாங்குகிற, மீதி நாளெல்லாம் மூடுபனியில் நிற்கிற வண்டியின் ஹப் முகத்தில் துரு செதில் செதிலாக இருக்கும். கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் துணி. ரிம்மின் பின்முகத்தில் வழிந்து கட்டியான பெயின்ட் இருந்தால் அதையும் எடுங்கள். சக்கரத்தை மாட்டி எல்லா நட்டையும் கையால் ஏற்றுங்கள், சக்கரத்தை லேசாக ஆட்டிக்கொண்டே எதிரெதிராக ஸ்பேனரில் பதமாக முடுக்குங்கள், பிறகு ஜாக்கியைக் கொஞ்சம் இறக்கி டயர் தரையைத் தொட்டதும் டார்க் ரென்ச்சில், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பேனரில், முடியுங்கள். கார்களுக்கு இது பெரும்பாலும் 85-லிருந்து 120 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் வண்டியின் எண் கையேட்டில் இருக்கிறது. 50, 100 கிலோமீட்டர் ஓடினபின் இன்னொரு தடவை பாருங்கள், புது அலாயில் நட் உட்காரும் இடம் கொஞ்சம் படியும்.

இதெல்லாம் ஆன பிறகுதான் பேலன்ஸிங். வரிசையை மாற்றினால் காசு வீண். மெஷினில் வைத்து அளவு எடுத்ததும், சக்கரத்தைக் கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுற்றச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் ஒரே எடை காட்டினால் நம்பலாம். வேறு வேறாகக் காட்டினால் மெஷினின் கூம்பே சரியாக உட்காரவில்லை. இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. ஒரு பக்கம் 60, 70 கிராமுக்கு மேல் கேட்டால் ஒட்டிக்கொண்டே போகாமல் டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பிப் போடச் சொல்லுங்கள். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக வர வேண்டும், அதுதான் டயரின் லேசான இடம்.

அலாய்க்கு உள்ளே ஒட்டுகிற வெயிட்தான் போடுவார்கள். ஈரமும் குளிரும் அழுக்கும் உள்ள ரிம்மில் பசை பிடிக்காது, அதுவும் ஊட்டிக் காலையில் சொல்லவே வேண்டாம். தின்னரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டினதும் சுற்றி ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டால், பிறகு திடீரென்று உதறல் வரும்போது வெயிட் விழுந்ததா என்று டார்ச் அடித்தே பார்த்துவிடலாம்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது: உதறலுக்கு, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்கிற அலைன்மென்ட் மருந்து இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், டயர் ஒரு ஓரம் தேய்ந்தால் அலைன்மென்ட். உதறுகிறது என்று போனவரிடம் முதலில் அலைன்மென்ட் பில் போடுகிற கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு குச்சியை ரிம் விளிம்புக்கு அருகே அசையாமல் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஒரு மி.மீ.க்கு மேல் கூடிக் குறைந்தால் ரிம் வளைவு. ரிம் சரியாக இருந்து டயர் மட்டும் ஏறி இறங்கினால் டயரின் உள்விளிம்பான பீட் ரிம்மில் முழுசாக உட்காரவில்லை, அல்லது டயரே பழுது. எதிலும் பிடிபடவில்லையா, பழைய கம்பெனி வீலை நான்கிலும் மாட்டி அதே ரோட்டில் ஓட்டுங்கள். உதறல் போனால் குற்றவாளி புது வீல் செட். போகவில்லை என்றால் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளைப் பாருங்கள்: டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், கீழ்க் கையின் புஷ். பழசானதை இத்தனை நாள் லேசான சக்கரம் மறைத்திருக்கும், அகலமான கனமான சக்கரம் வந்ததும் அது வெளியே தெரிகிறது. ரிம் வெளியே தள்ளி நிற்கிற மாதிரி ஆஃப்செட் மாற்றியிருந்தாலும் ஸ்டீயரிங்கில் சின்ன அதிர்வுகூடப் பெரிதாகத் தெரியும். அழகுக்காகச் சக்கரத்தை வெளியே தள்ளுகிற ஸ்பேசர் போட்டிருந்தால் கழற்றி வீசுங்கள்.

பிரேக்கில் மட்டும் உதறுகிறவர்கள் வீல் மாற்றின பிறகுதான் அது வந்தது என்றால் நட்களைத் தளர்த்தி, டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே துரு, மண் இருக்கிறதா என்று துடைத்து, டார்க் ரென்ச்சில் சமமாக இறுக்கிப் பாருங்கள். ஏர் கன்னில் தாறுமாறாக இறுக்கின நட்கள் டிஸ்க்கைக் கோணலாக்கும், அப்படியே குன்னூரிலிருந்து கல்லாறு வரை பிரேக்கிலேயே இறங்கினால் அந்தக் கோணல் தேய்மானமாக நிலைத்துவிடும். அப்புறம் டிஸ்க்கைக் கடைய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். இரண்டாம் கியரில் இறங்குங்கள் என்று போர்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

காற்று விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் வெளிக்காற்றழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிடக் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ குறைவு, அதனால் கீழே இறங்கினால் கேஜ் அந்த அளவு குறைத்துக் காட்ட வேண்டும். ஆனால் ஐந்தாறு டிகிரி சூடு கூடினால் ஒரு பிஎஸ்ஐ ஏறும், கீழே இருக்கிற வெயிலுக்கு இரண்டும் ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். அதனால் காலையில் ஓட்டுவதற்கு முன் கையேட்டு அளவுக்கு அடியுங்கள், கூட இரண்டு மூன்று ஏற்றாதீர்கள், கல்லாக இறுகின டயர் ஒவ்வொரு அதிர்வையும் ஸ்டீயரிங்குக்கு அனுப்பும்.

கடைசியாக டிக்கியைத் திறந்து பாருங்கள். உங்கள் ஸ்டெப்னி இன்னும் கம்பெனியின் இரும்பு ரிம்தான். புது நட் அதில் சரியாக உட்காராமல் போகலாம், மெல்லிசான புது நட்டுக்கு கம்பெனி ஸ்பேனரும் பொருந்தாமல் போகலாம். பழைய நட் ஒரு செட், புது நட்டுக்கான சாக்கெட் இரண்டையும் ஒரு துணியில் சுற்றி ஸ்டெப்னிக்குள்ளேயே போட்டுவையுங்கள்.