ரசீது தராமல் மனு வாங்காதீர்கள்

கேரளத்தில் தமிழ் பேசுவோர் வாழும் தேவிகுளம், பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் புதிதாகப் பொறுப்பேற்கும் அதிகாரிகள், சீர்திருத்தம் என்றதும் பயிற்சி வகுப்பு, அறிவிப்புப் பலகை, செயலி என்று இறங்குகிறார்கள். மக்கள் நம்பிக்கை போவது கவுண்டரில். லஞ்சம், தாமத வருகை எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுவோம்.

ஒப்புகைச் சீட்டு இல்லாமல் மனு வாங்குவது

ஆன்லைனில் போட்டால் எண் தானாக வந்துவிடும். காகித மனுவில்தான் வினை. ரீசர்வேயில் (நில மறு அளவையில்) பரப்பளவு குறைந்துவிட்டது என்று சித்தூர் விவசாயி ஒருவர் மனு கொண்டுவருகிறார். கிளார்க் வாங்கி மேசையில் வைத்து, "அடுத்த வாரம் வாங்க" என்கிறார். அடுத்த வாரம் கிளார்க் மாற்றலாகியிருப்பார். பதிவேட்டில் மனு இருக்காது. கேரளத்தின் 2012 சேவை உரிமைச் சட்டம், அறிவிக்கப்பட்ட சேவைகளுக்குக் கெடுவும் மேல்முறையீடும் தந்தது. மனு கொடுத்த தேதிக்கே சான்று இல்லாதபோது கெடுவை எங்கிருந்து எண்ணுவது? 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டாலும், "அப்படியொரு மனு வரவில்லை" என்று பதில் வரும். அதோடு அந்த விவசாயி புரோக்கரிடம் போய்விடுவார். ஒரு துண்டுக் காகிதத்தை மிச்சம் பிடித்து அரசு மேலிருந்த நம்பிக்கையைத் தொலைக்கும் இந்த வழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

செய்ய வேண்டியது இது. மனுவை வாங்கிய கையோடு சீட்டு கொடுங்கள். அதில் வரிசை எண், தேதி, கோரிக்கை, கெடு முடியும் நாள், பொறுப்பு அதிகாரியின் பதவி, மேல்முறையீட்டு அதிகாரியின் பதவி ஆறும் இருக்கட்டும். இணைக்க வேண்டிய ஆவணம் குறைந்தால் எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள்; தவணை முறையில் சொல்லி அலைக்கழிக்காதீர்கள். வாரம் ஒரு நாள் பதிவேட்டில் பத்து எண்களை எடுத்து, மனு இப்போது யார் மேசையில் என்று நேரில் பாருங்கள்.

"மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாங்க"

சிறுபான்மை மொழிப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களில் தமிழ் மனுவை ஏற்க வேண்டும், பதிலும் தமிழில் தர வேண்டும் என்கிறது கேரள ஆட்சிமொழிச் சட்டம். திருப்பி அனுப்பாதீர்கள்.

அனுப்பியதைத் தீர்வாகக் கணக்கிடுவது

"மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்பது தீர்வல்ல. நிலுவையிலேயே காட்டுங்கள்.

வாய்மொழி உத்தரவு

கோப்பில் எழுதுங்கள். 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மாற்றலோடு முடியும் சீர்திருத்தம்

சீட்டு முறையை அலுவலக ஆணையாகப் போட்டு, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.